நோவும் நோவின்மையும்

மெய், வாய், கண், மூக்கு, செவி என எண்ணப்படும் ஐம்பொறிகளுள் நான்கு, குறித்ததோர் உறுப்பின் பெயரால் வழங்குவன. தொடுவுணர்வுக்குரிய பொறிக்கு மாத்திரம் தமிழ் ‘மெய்’ எனப் பெயரிட்டது. அச்சொல்லுக்கு உடல் என்பதும் பொருள். உண்மை என்பதும் பொருள். இரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் கண்ணாற் கண்டதை ஐயுறுபவன் கையால் தொட்டுப் பார்த்துத் தெளிவதே உலக வழக்கு. தொல்காப்பிய மரபியலும் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்குமிடத்துத் தொடுவுணர்வையே முதலாம் அறிவாக வைக்கின்றது. புல்லுக்கும் மரத்துக்கும் அஃது உண்டு என்கின்றது. அவ்வாறிருக்க, உணர்விழந்த உறுப்பை ‘மரத்துப்போயிற்று’ என்பது மக்கள் வழக்கு. தொல்காப்பியர் மரத்துக்கு அளித்ததைப் பேச்சு வழக்குப் பறித்துக்கொண்டது போலும்!

இந்த மெய், பொய் சொல்லத் தொடங்குமாயின் மனிதன் எதனைக் கொண்டு எதனைத் தெளிவான் என்ற வினா வடமராட்சியிலுள்ள ஒரு வீட்டில் இரு வேறு வகையில் எழுந்தது. அவ்வீட்டின் மூத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவுடன் வாழ்பவர். அவருடைய தம்பியின் மகள், யாழ்ப்பாணத்து வழக்கிற் சொல்வதானால் அவருடைய பெறாமகள், வெளியூர்ப் பல்கலைக்கழகமொன்றிற் பயிலும் மாணவி. பெரியப்பாவுக்குக் காலில் உணர்வு குறைந்துபோயிற்று. பெறாமகளுக்கு வயிற்றில் உணர்வு மிகுந்துபோயிற்று. ஒருவருக்கு நோக வேண்டிய இடத்தில் நோகவில்லை. மற்றவருக்கு நோவதற்குக் காரணம் காணமுடியாத இடத்தில் நொந்தது.

நீரிழிவு நரம்புகளைத் தாக்கும்போது பெரும்பாலும் நீளமான நரம்புகளிலேயே தொடங்குகின்றது. முள்ளந்தண்டிலிருந்து கால்விரல் நுனிவரை செல்லும் நரம்புகளே உடலில் மிக நீளமானவை. ஆகவே முதலில் விரல்கள், பின்னர் பாதம், பின்னர் கணுக்கால் என, காலுறை அணியும் அளவுக்கு விறைப்பு மேலேறுகின்றது. இது ஒரே நாளில் நிகழ்வதன்று. வெளிச்சம் மங்கும் மாலைப்பொழுதில் வாசித்துக்கொண்டிருப்பவன் இருள் வந்ததை அறியாதவாறு போல, உணர்வு போவதை உணர்வுடையவனே அறிவதில்லை. சிகிச்சை நிலையத்தில் அவரைக் கண்களை மூடச்செய்து, பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையொன்றால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டனர். தொடும்போதெல்லாம் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. அவர் நெடுநேரம் மௌனமாக இருந்து, “இன்னும் தொடங்கேல்லையோ?” என்று கேட்டார். அதற்குள் சோதனை முடிந்துவிட்டிருந்தது.

அச்சோதனைக்கு அவரைக் கொண்டு சென்றது ஊர்க்கோயில் தேர்த்திருவிழா. தேர் இருப்பிடம் வந்தபின்னர், நண்பகல் வெயிலில் வெறுங்காலுடன் வெளிவீதியை மும்முறை வலம்வந்தார். மற்றையோர் தண்ணீர் தெளித்த இடந்தேடி நுனிக்காலில் ஓடிக்கொண்டிருக்க, அவர் சாவதானமாக நடந்தார். மணல் சுடவில்லை. அதனை இறையருளெனவே கொண்டார். வீட்டுக்கு வந்து அவ்வாறே சொல்லவும் செய்தார். மாலையில் சீமெந்துத் தரையில் ஈரச் சுவடுகள் இருப்பதை அவர் மனைவி கண்டார். கால் கழுவிய தண்ணீர் என்றே முதலில் எண்ணினார். உண்மையில் அது பாதத்திற் கிளம்பி உடைந்த கொப்புளங்களின் நீர். புண் ஆறவில்லை. சில வாரங்களின் பின் இடக்காலின் இரண்டாம் விரலை வைத்தியசாலையில் அகற்றவேண்டியதாயிற்று. “பக்கத்து வீட்டுக்காரன்ரை கால் மாதிரிக் கிடக்கு, ஆனா வெட்டினது என்ரை விரலை” என்று அவர் வந்தோரிடம் சொல்வதுண்டு.

இவ்வாறு விறைத்த கால் சும்மா கிடப்பதுமில்லை. இரவில் அஃது எரியும். முள்ளுக் குத்துவதை அறிவிக்க மாட்டாத நரம்பு, எதுவும் குத்தாத வேளையில் தானாகவே கூவுகின்றது. போர்வை படுவதும் பொறுக்காது சில இரவுகளை அவர் கதிரையிற் கழித்தார். உணர்வின்மை என்பது வெறும் இன்மை அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

உணர்விழப்பு மனிதனுக்குச் செய்யும் கேட்டை உலகம் நெடுங்காலம் தொழுநோயிற் கண்டும் விளங்கிக்கொள்ளவில்லை. ஒல்லாந்தர் 1708 இல் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென ஒரு சாலை அமைத்தனர். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் பின்னர் அவ்வாறான ஒதுக்கிடமாயிற்று. 1901 ஆம் ஆண்டின் சட்டம் நோயாளரைப் பிரித்துவைப்பதற்கு அரசுக்கு அதிகாரம் அளித்தது. நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் நோய்க்கிருமியை 1873 இலேயே கண்டிருந்தார். ஆயினும் விரல்கள் ஏன் தேய்ந்து குறைகின்றன என்பதற்கு, கிருமி தசையை அரித்துத் தின்கின்றது என்ற விடையே வழங்கிவந்தது.

அவ்விடையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் டொக்டர் போல் பிராண்ட். அவர் 1914 இல் கொல்லிமலையிற் பிறந்து, 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூரிற் பணியாற்றிய ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை வைத்தியர். அவரும் அவருடன் உழைத்தோரும் நோயாளரின் கைகளை நாள்தோறும் நோக்கினர். சுடும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குதல், பூட்டில் இறுகிய திறப்பைத் தோல் கிழியும்வரை திருகுதல், காலிற் புண்ணிருக்க நொண்டாமல் ஓடுதல் என்பனவே அவர்கள் கண்டவை. கிருமி நரம்பைக் கெடுத்தது. எஞ்சிய கேட்டை நாளாந்த வாழ்க்கையே செய்தது. இரவில் நித்திரைக்குச் சென்றவர் காலையில் விரலின் ஒரு பகுதியை இழந்து எழுந்தமை பெரும் புதிராக இருந்தது. காவலிருந்து பார்த்தபோது எலிகள் வந்து கடித்துச் சென்றமை தெரிந்தது. கடிபட்டவர் விழிக்கவேயில்லை. அதன்பின் வீடு செல்லும் நோயாளருக்குப் பூனைகள் கொடுத்தனுப்பப்பட்டன. வைத்திய வரலாற்றில் பூனையை மருந்தாக எழுதிக்கொடுத்த இடம் வேறுண்டோ தெரியவில்லை.

பிற்காலத்தில் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் வைத்தியசாலையிற் பணியாற்றியபோது, இழந்த நோவுக்குப் பதிலாகச் செயற்கை நோவொன்றை ஆக்கிக் கொடுக்க முயன்றார். கையுறையிற் பொருத்திய உணரிகள் அழுத்தம் மிகும்போது ஒலியெழுப்பும். ஒலியை எவரும் பொருட்படுத்தாமையால், உணர்வு எஞ்சியிருந்த அக்குளில் மின்னதிர்ச்சி தாக்குமாறு மாற்றினர். நோயாளர் செய்தது யாது? அதிர்ச்சி தரக்கூடிய வேலையொன்றைச் செய்ய விரும்பியபோது கருவியை நிறுத்திவிட்டு, வேலையை முடித்து, மீண்டும் இயக்கினர். முயற்சி கைவிடப்பட்டது. நோவு என்பது தகவல் மாத்திரமாயின் மணியோசை போதுமானதாயிருந்திருக்கும். நிறுத்த முடியாமை அதன் குறை என்றே எல்லோரும் எண்ணுவர். ஆனால் அதன் பயன் முழுவதும் அந்த நிறுத்த முடியாமையிலேயே தங்கியிருக்கின்றது. தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை 1981 இல் விதந்துரைக்கப்பட்டது. 1995 அளவில் இலங்கை, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோயை இறக்கியது. ஆயினும் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாக இனங்காணப்படுகின்றனர். தோலில் நிறம் வெளிறிய தழும்பொன்று தோன்றி, அது நோகவுமில்லை கடிக்கவுமில்லை என்பதற்காகவே அவர்களுட் பலர் காலந்தாழ்த்தி வருகின்றனர்.

நிறுத்த முடியாத நோவு வேறொரு முகமும் உடையது. பெறாமகள் முதலாம் ஆண்டிற் பயின்ற காலத்தில் விடுதி மாணவியர் பலருக்கு ஒரே நாளில் வயிற்றோட்டம் கண்டது. மற்றையோர் ஒரு வாரத்திற் தேறினர். அவளுக்கு மாத்திரம் அது முற்றாக விட்டுப்போகவில்லை. கிழமையிற் சில நாட்கள் அடிவயிறு முறுக்கும்; மலங்கழித்தாற் சற்றுத் தணியும்; மூன்று நாள் இறுகும், நான்காம் நாள் இளகும். குடற்றொற்றுக்குப் பின்னர் இவ்வாறு எஞ்சிவிடும் நோய் புதியதன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வோக்கற்றன் என்னும் சிற்றூரின் குடிநீர் 2000 ஆம் ஆண்டில் மாசடைந்து பலர் நோயுற்றனர். அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது இவ்வகைக் குடற்கோளாறு அவர்களிடையே மிகுந்திருக்கக் காணப்பட்டது.

அவளுக்கு இரத்தம், மலம் ஆகியவற்றின் சோதனைகள் நடந்தன. வயிறு ஸ்கான் செய்யப்பட்டது. ஈற்றிற் குழாய் செலுத்திப் பெருங்குடலின் உட்புறமும் பார்க்கப்பட்டது. எல்லாம் சீராகவே இருந்தன. “ஒன்றுமில்லை” என்றார் வைத்தியர். தாயார் அன்று மாலை கோயிலில் விளக்கேற்றினார். அவளுக்கோ அச்சொல் தீர்ப்புப் போல ஒலித்தது. ஒன்றுமில்லையாயின் நோவது எது?

வைத்திய உலகு இதனை உறுத்தற் குடல் என்ற கருத்துப்படப் பெயரிட்டு, ஆங்கில முதலெழுத்துக்களால் ஐ.பி.எஸ். என வழங்குகின்றது. குருதி போதல், காரணமின்றி மெலிதல், காய்ச்சல், நள்ளிரவில் நித்திரையைக் குலைக்கும் வயிற்றோட்டம் ஆகியன இருப்பின் அது வேறு நோயாகலாம். தேடிப் பார்த்தல் கட்டாயம். அவை இல்லாதவிடத்து அறிகுறிகளைக் கொண்டே நோய் துணியப்படுகின்றது. உலகில் நூற்றுக்கு நாலு முதல் பத்துப் பேர்வரை இதனால் வருந்துவதாகக் கணிக்கின்றனர். பெண்கள் ஆண்களிலும் அதிகம்.

குடலின் உணர்வு தோலின் உணர்வைப் போன்றதன்று. தோல் வெட்டை அறியும், சூட்டை அறியும், இடத்தையும் விரல்விட்டுக் காட்டும். குடலை வெட்டினும் சுடினும் நோவதில்லை என்பது சத்திரசிகிச்சையாளர் நெடுங்காலமாக அறிந்தது. அது நோவது பெரும்பாலும் விரியும்போதும் இழுபடும்போதுமே. அந்நோவும் இடம் துணியவொண்ணாது வயிறெங்கும் பரவும். 1973 இல் றிச்சி என்னும் ஆய்வாளர் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூன் ஒன்றைச் செலுத்திக் காற்றூதிப் பார்த்தார். 60 மில்லிலீற்றர் அளவில் மற்றையோருள் நூற்றுக்கு ஆறு பேர்க்கே நோவு கண்டது. இந்நோயுடையோருள் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர்க்கு நோவு கண்டது. பலூன் ஒன்றே, காற்றும் ஒன்றே. அவர்கள் நடித்தாரல்லர், அவர்களின் நரம்பு மற்றையோர் கேளாத ஒலியைக் கேட்டது.

குடலின் சுவரில் கோடிக்கணக்கான நரம்புக் கலங்கள் உள்ளன. மூளையின் கட்டளையை எதிர்பாராமலே அவை குடலை இயக்கவல்லன. ஆயினும் மூளையுடன் ஓயாது பேசிக்கொண்டிருப்பன. இத்தொடர்பை ஆய்வுகூடங்கள் அறிவதற்கு நெடுங்காலம் முன்னரே தமிழ்ப் பேச்சு அறிந்திருந்தது எனலாம். அச்சம் வயிற்றைக் கலக்கும். கெடுசெய்தி வயிற்றிற் புளியைக் கரைக்கும். பொறாமையும் துயரும் வயிற்றெரிச்சலாகும். ஆனால் இவ்வழக்குகளே நோயாளிக்குப் பகையாகவும் திரும்பின. “சோதினைப் பயம்தான், வேறை ஒண்டுமில்லை” என்று அவளுக்கு ஆறுதல் சொன்னவர்கள் பலர். பயம் நோவை மிகுவிக்கும் என்பது உண்மை. நோவு பயத்தை விளைவிக்கும் என்பதும் அதேயளவு உண்மை. பின்னதைச் சொன்னார் எவருமிலர். யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் இரவுப் பேருந்தில் அவள் முதல்நாட் காலை முதல் உண்ணாமல் ஏறினாள். வளாகத்தின் எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் மலசலகூடம் உண்டு, எது பூட்டியிருக்கும், எதிற் தண்ணீர் வராது என்பன அவளுக்கு மனப்பாடம். நூலகத்திற் புத்தகம் இருக்குமிடத்திலும் அதனை அவள் நன்கறிந்திருந்தாள்.

இவ்விரு நோயும் ஒன்றன் மறுதலை மற்றது என்று சொல்லிவிடுவது எளிது. முற்றிலும் அவ்வாறன்று. அண்ணனும் தம்பியும் வாழும் அவ்வீட்டுக்குப் பெரியப்பாவைப் பார்க்க வந்தோர் ஹோர்லிக்ஸ் போத்தலும் அப்பிளும் கொணர்ந்தனர். காலிற் கட்டு இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. அவளுக்கு வந்தவை ஆலோசனைகள். இஞ்சி, வெந்தயம், மாதுளைக்கோது, நேர்த்தி, கலியாணம் என்பன அவற்றுட் சில. இருந்தும், அவர் கட்டுப் போடுவதற்கு முந்திய பல ஆண்டுகளில் “நோகேல்லைத்தானே, பிறகென்ன?” என்பதே அவரிடம் பிறரும், பிறரிடம் அவரும் சொன்ன வார்த்தை. “ஒண்டுமில்லையெண்டு சொல்லிப்போட்டினம், பிறகேன் நோகுது?” என்பது அவளிடம் கேட்கப்பட்டது. இரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. கேடும் நோவும் எப்பொழுதும் உடன்வரும் என்று மனிதர் நம்பியிருப்பதே அப்பிழை. பெரும்பாலும் அவை உடன்வருகின்றன. அதனாலேயே அவை பிரியுமிடத்தில் எவரும் நம்புவதில்லை. முன்னதில் நோயாளி தன் காலை நம்பி ஏமாந்தார். பின்னதில் நோயாளியை ஏனையோர் நம்பவில்லை. நாளடைவில் அவளும் தன்னை ஐயுறத் தொடங்கினாள். உடல் நோவிலும் அது கொடிது.

துன்பத்தின் அளவிலும் இவை சமமல்ல என்பதை ஒளித்தல் ஆகாது. விறைத்த கால் ஒரு விரலோடு நிற்கவேண்டுமென்ற நியதி இல்லை. காலையும் உயிரையும் கொள்ளவல்லது. உறுத்தற் குடல் ஆயுளைக் குறைப்பதில்லை, புற்றுநோயாக மாறுவதுமில்லை. அது கொள்வது நாட்களை. இன்னொன்றும் உண்டு: நீரிழிவு முதிருமிடத்துக் குடலின் நரம்புகளையும் தாக்கும், நித்திரையிற் தானறியாது வயிறு போகும் நிலையும் சிலருக்கு வரும். தோலுக்கு ஒரு நோய், குடலுக்கு ஒரு நோய் என்று பிரிப்பதும் நூலெழுதுவோர் வசதிக்கே போலும்.

சிகிச்சை என்ற பெயரில் இருவருக்கும் சொல்லப்பட்டவை நேரெதிரானவை. பெரியப்பா ஒவ்வோர் இரவும் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். செருப்பை அணியுமுன் கைவிட்டுத் தடவவேண்டும். குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் அறியவேண்டும். மெய் இழந்ததைக் கண் செய்யவேண்டும். பெறாமகளோ வயிற்றை ஓயாது உற்றுக் கவனிப்பதை விடவேண்டும். கவனிக்குந்தோறும் நரம்பின் ஒலி கூடுகின்றது. மன்செஸ்ரரில் 1984 இல் வெளியான ஆய்வொன்றிற் கடுமையான குடல் உறுத்தலுடையோர்க்கு மனவசியச் சிகிச்சை பயனளித்தமை காட்டப்பட்டது.  அவளுக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்தது உணவு ஒழுங்கு. மெல்பேண் நகரிலிருந்து பரவிய அவ்வொழுங்கில், எளிதிற் புளித்து வாயுவாகும் உணவுகளைச் சில வாரங்கள் விலக்கி, பின்னர் ஒவ்வொன்றாக மீளச் சேர்த்துப் பார்ப்பர். வெங்காயமும் உள்ளியும் முதலிலேயே விலக்கப்படுவன. வெங்காயம் வதங்காத கறியைத் தாயார் கறியென்றே ஒப்பவில்லை. மகளுக்கு வேறாகச் சமைத்து, அதனைத் தாம் சுவைத்துப் பார்த்து அழுதார். ஆனால் நான்காம் வாரத்தில் நோவு பாதியாயிற்று. பாலும் கோதுமைப் பாணும் ஓரளவு திரும்பி வந்தன, உள்ளி வரவில்லை.

விடுமுறை நாட்களில் பெரியப்பாவின் உள்ளங்காலைப் பார்ப்பது அவள் வேலையாயிற்று. அவர் கண்ணாடியிற் காணத் தவறிய சிவப்பொன்றை ஒருநாள் குதிக்காலோரத்திற் கண்டாள். “நோகுதோ பெரியப்பா?” என்று பழக்கத்தாற் கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். “அதை ஏன் பிள்ளை என்னட்டைக் கேக்கிறாய்? அதைக் கேட்டுத்தானே விரல் போனது.” சற்றுப் பொறுத்து, “உன்ரை வயித்தைப் பற்றிக் கேக்கிறதெண்டால் உன்னட்டைத்தான் கேக்கவேணும். அங்கை வேறை சாட்சி இல்லை” என்றார். அவள் நோயைப் பற்றி ஐயமின்றிப் பேசிய முதல் மனிதர் அவரே. அவருக்கு அது விளங்கியதற்குக் காரணம் அன்பு மாத்திரமன்று. தன் உடல் சொல்வதற்கும் உள்ளதற்கும் இடையில் வெளியுண்டு என்பதை அவர் ஒரு விரல் கொடுத்துக் கற்றிருந்தார்.

இரண்டாம் ஆண்டில் அவள் ஒரு பரீட்சைக்குத் தோற்றாமலே விட்டிருந்தாள். மண்டபத்தின் நடுவரிசையில் அமர்ந்து, கையுயர்த்தி, மேற்பார்வையாளர் வரும்வரை காத்திருந்து, நூற்றுக்கணக்கானோர் பார்க்க வெளியேறுவதை எண்ணியே காலையில் வயிறு கலங்கிற்று. காரணங் கேட்கப்பட்டபோது காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்தாள். மூன்றாம் ஆண்டுப் பரீட்சைக்கு முன், கதவோரத்தில் இருக்கை வேண்டி விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள். ‘நோயின் பெயர்’ என்ற இடத்தை இரண்டு நாட்கள் நிரப்பாது வைத்திருந்தாள். தொலைபேசியில் அதனைக் கேள்வியுற்ற பெரியப்பா, தன் கால் பற்றிய வைத்திய அட்டையில் என்ன எழுதியிருக்கின்றது என்பதை அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்; வேறொன்றும் சொல்லவில்லை. அவள் உள்ளதை எழுதி, வைத்தியரின் கடிதத்தையும் இணைத்துக் கொடுத்தாள். இருக்கை கிடைத்தது. முதலாம் வினாத்தாளின்போது அவள் ஒருமுறையேனும் எழுந்து செல்லவில்லை. இரண்டாவதன்போது இருமுறை சென்றுவந்து, எஞ்சிய வினாக்களை எழுதினாள்.